இரண்டு விமானங்களில் ஒரு குடும்பம்

1

டிக்கெட் போடுகிற அண்ணர் தொலைபேசியில் நான் சொன்ன திகதிகளைத் திரும்ப வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேட்டால் குறை நினைக்கக் கூடாது. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை."

"இல்லை, ஒரே ஊருக்குப் போறியள், ஒரே கிழமையிலை போறியள். பேந்து ஏன் ரெண்டு பிளேன்? நீங்களும் மகனும் வியாழக்கிழமை, அவரும் மகளும் வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுறியள். நாலு பேருக்கும் ஒரே வரிசையிலை இடம் இருக்கு. வடிவான இடம்."

"எங்களுக்கு இப்பிடித்தான் வசதி அண்ணை."

"சரி, உங்கடை விருப்பம்," என்றார். இந்த ஜெர்மன் நாட்டில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உடைந்ததைப் பார்த்துவிட்ட குரல் அது.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இரண்டு தாய்மார் வழக்கமில்லாத அன்போடு என் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார்கள். ஒருவர் பலகாரம்கூடத் தந்தார். என் கணவர் சுதனுக்கு விஷயம் எட்டியபோது சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"நான் உம்மை விட்டிட்டுப் போட்டன் எண்டு ஊர் முழுக்கக் கதையாம். ஆரோடை எண்டுதான் இன்னும் முடிவாகேல்லையாம்."

பரந்தனிலும் கிளிநொச்சியிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பிரியவில்லை. இரண்டு விமானத்தில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். ஒன்றுக்கு ஏதாவது நடந்தால் மற்றதில் இருப்பவர்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. எழுதிப் பார்க்கும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் உங்களில் பலருக்கு இந்தக் கணக்குப் புதிதாக இருக்காது.

2

வன்னியில் இருந்து வந்தவளுக்கு என்ன பயம் என்று இங்கே கேட்பார்கள். செல்லடிக்கும் கிபிர் விமானக் குண்டுக்கும் தப்பி வந்தவள், இனி எதற்குப் பயப்படப் போகிறாள் என்று நினைக்கிறார்கள். பயம் அம்மை நோய் மாதிரி, ஒருமுறை வந்தால் பிறகு வராது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். எனக்கு அப்படி இல்லை. இந்தப் பத்து வருடத்தில், இங்கே ஏதாவது ஒரு நகரத்தில் சனம் கூடுகிற இடத்தில் வெடிக்கும்போதெல்லாம், அல்லது ஒருவன் வாகனத்தைச் சனத்துக்குள் ஏற்றும்போதெல்லாம், நான் மூன்று நாட்களுக்குப் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு விடமாட்டேன்.

நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கிற ஜெர்மன்காரி ஒருநாள் எனக்குத் தைரியம் சொன்னாள். குண்டில் சாவதைவிடக் குளியலறையில் வழுக்கி விழுந்து சாகிற வாய்ப்புத்தான் கூட என்றாள். அன்றிலிருந்து நான் குளியலறையிலும் கவனமாக இருக்கிறேன்.

எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் தூண்களைப் பார்ப்பேன், பிறகு கதவுகளை எண்ணுவேன். வெளிக்கிடுவதற்கு முன் பிள்ளைகள் போட்டிருக்கிற உடுப்போடு ஒரு படம் எடுத்து வைப்பேன். ரயிலில் போனால் சுதனும் ஏழு வயது மகள் ஆரணியும் முன்பெட்டியில் ஏறுவார்கள். நானும் நாலு வயது மகன் இனியனும் பின்பெட்டியில் ஏறுவோம். தரிப்பிடம் வந்ததும் சுதன் யன்னலால் எட்டிப் பார்த்துக் கையாட்டுவார். பத்து வயதிலேயே இங்கே வந்துவிட்ட யாழ்ப்பாணத்து மனிதர் அவர். இந்தக் கூத்தெல்லாம் அவருக்குத் தேவையில்லை. "உமக்கு நித்திரை வரும் எண்டால் நான் கப்பலிலையும் வாறன்," என்றுதான் சொல்வார். அதனால்தான் இத்தனை வருடமாக என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தவளை விளையாட்டு என்று ஒன்றைப் பழக்கி வைத்திருந்தேன். அம்மா "தவளை" என்றால் குப்புறப் படுக்க வேண்டும், இரண்டு காதையும் பொத்த வேண்டும், வாயைத் திறந்து வைக்க வேண்டும். வெடிச் சத்தத்தில் காது கிழியாமல் இருக்க எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்த முறை. பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டு. போன வருடம் பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகை மணி அடித்தபோது, மற்றப் பிள்ளைகள் வரிசையாக வெளியே போக, ஆரணி மேசைக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாளாம். பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் படுக்க வைத்திருக்கிறாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இதை எங்கே பழகினாள் என்று மெதுவாகக் கேட்டா. வீட்டில் என்றேன். அவ அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இனி இந்தப் பயணத்தின் கடிதக் கதை. ஒரு பிள்ளை தாயோடு மட்டும் நாட்டை விட்டுப் போவதென்றால் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டும், தகப்பனோடு மட்டும் போவதென்றால் தாயின் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்படியானால் எங்களுக்கு இரண்டு கடிதம். இரண்டிலும் கையெழுத்தை உறுதிப்படுத்த நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட அம்மணி ஒருத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரிந்து வாழ்கிறீர்களா?"

"இல்லை, ஒரே வீட்டில்தான்."

"விவாகரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் ஏன் இந்தக் கடிதம்?"

சுதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று ஜெர்மனில் சொன்னார். அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடியது. கடைசியில் முத்திரை குத்தித் தந்தாள்.

பிரிந்து போகிற அந்தக் கணக்கை நான் எங்கே படித்தேன் என்று சொல்ல வேண்டும். சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் பரந்தனிலிருந்து வெளிக்கிட்டு, இடம் மாறி இடம் மாறி, முல்லைத்தீவுக் கரையோர மணலில் வந்து நின்றோம். எனக்குப் பதினாலு வயது, தம்பி கஜனுக்கு ஆறு. அப்பா பதுங்குவதற்கு இரண்டு பங்கர் வெட்டினார். ஒன்றில் அம்மாவும் தம்பியும், மற்றதில் அப்பாவும் நானும். இரண்டுக்கும் இடையில் பத்து அடிகூட இருக்காது. ஒரு விடியற்காலை அவர்களுடைய பங்கரின் மேல் செல் விழுந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பிறகு செட்டிகுளத்து முகாமில், பக்கத்துக் கூடாரத்து அன்ரி ஒருவர் என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னா. "கொப்பர் கெட்டிக்காரன் பிள்ளை. பிரிச்சு வைச்ச படியால்தான் நீயாவது மிஞ்சினாய்." அங்கே எல்லோரும் அப்படித்தான் கதைத்தார்கள். ஒரே குழியில் இருந்தால் ஒரேயடியாகப் போய்விடும், பிரிந்திருந்தால் ஆராவது மிஞ்சுவினம் என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உயிர் தந்த கணக்கு அதுதான் என்று நம்பினேன்.

3

வியாழக்கிழமை விமான நிலையத்தில் நான் மூன்று தரம் இடம் மாறினேன். முதலில் இருந்த கதிரை கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில். கண்ணாடி உடைந்தால் பறக்கும். அடுத்தது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். குப்பைத் தொட்டியை எனக்குப் பிடிக்காது. பிறகு கோப்பிக் கடைக்கு முன்னால், ஆனால் அங்கே சனம் கூட. கடைசியில் அகலமான ஒரு கொங்கிறீட் தூணின் பின்னால், வெளிக் கதவு தெரிகிற மாதிரி ஒரு இடம் கிடைத்தது. இனியன் அலுத்துப்போய் என் மடியில் சாய்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் நீளத் துப்பாக்கி வைத்த இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்களை எழுப்பித் தள்ளிப் போகச் சொன்னார்கள். சனம் பின்னுக்கு நகர்ந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். எனக்கு ஜெர்மன் பாஷை எல்லாம் மறந்துவிட்டது. இனியனை இழுத்து நிலத்தில் போட்டு, அவன் மேலே நான் படுத்து, அவனுடைய காதைப் பொத்தி, "தவளை, தவளை" என்று கத்தினேன்.

கீழேயிருந்து அவன் சத்தம் வந்தது. "அம்மா, நீங்கள் பாரம்."

"வாயைத் திற அப்பு, வாயைத் திறந்து வை."

"அம்மா, அது என்ர பை."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரைக்குக் கீழே அவனுடைய நீலப் பை தனியாக இருந்தது. இடம் மாறி இடம் மாறி ஓடிய அவசரத்தில் நான்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்த விமான நிலையத்தில் அத்தனை பேரையும் பயப்படுத்திய ஆள் நான்தான்.

பொலிஸ்காரருக்கு முன்னால் பையைத் திறந்து காட்டினேன். ஒரு டைனோசர், தண்ணீர்ப் போத்தல், பாதி தின்ற வாழைப்பழம், பெயரும் தொலைபேசி இலக்கமும் மூன்று மொழியில் எழுதி நான் பிளாஸ்டிக் போட்டு வைத்த தாள். இளம் பொலிஸ்காரன் குந்தியிருந்து டைனோசரை இனியனிடம் கொடுத்தான். பிறகு என் கடவுச்சீட்டையும் சம்மதக் கடிதத்தையும் வாசித்தான்.

"அப்பா நாளைக்குத்தான் வருகிறாரா? ஏன் சேர்ந்து போகவில்லை?"

எனக்கு அழுகை வந்தது. அவன் கடிதத்தை மடித்துத் தந்துவிட்டுப் போனான்.

4

கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்து, வவுனியாவில் நிறுத்திச் சாப்பிட்டு, வெயில் ஏற முதல் பரந்தனுக்கு வந்து சேர்ந்தோம். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அப்பா சந்தியிலேயே சைக்கிளோடு நின்றார். வயல் வேலை இன்னும் தானே செய்கிறார், காலில் சேறு காய்ந்திருந்தது. இனியனைத் தூக்கி சைக்கிள் பாரில் வைத்தார். இனியன் ஜெர்மனில் ஏதோ கேட்க, அப்பா "ஓம், ஓம்" என்று தமிழில் பதில் சொல்லிக்கொண்டு உருட்டினார். இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் ஒத்துப்போனது.

சுதனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் ஒருநாள் பிந்தி வருகிறார் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருந்தேன்.

நானும் இனியனும் தப்பி வந்துவிட்டோம், இனி மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. அந்த ஒரு நாள் முழுக்க நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு படலைக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்தேன். ஆரணி இப்போது எந்தக் கடலுக்கு மேல் இருப்பாள் என்று கணக்குப் பார்த்தேன். அப்பா தேத்தண்ணி போட்டுத் தந்தார், அது ஆறிப்போனது. திரும்பவும் போட்டுத் தந்தார். பாதிப் பேர் மிஞ்சுவார்கள் என்பது தாளில் எழுதிப் பார்க்க நல்ல கணக்குத்தான். மிஞ்சுகிற பாதியாக இருந்து காத்துக்கொண்டிருப்பது என்னவென்று எனக்குப் பதினாலு வயதிலேயே தெரியும். தெரிந்தும் அதே இடத்தில் என்னை நானே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

ஈஸ்டர் அன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த வருடம், ஆரணி கைக்குழந்தையாக இருந்தபோது, போட்ட டிக்கெட்டை நிறுத்தியவள் நான். அப்பா அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

அடுத்த நாள் வான் வந்து நின்றது. ஓடிப்போய் ஆரணியை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். அவளும் பிடித்தாள். பிறகு மெல்லக் கையை விலக்கிக்கொண்டு போய்ச் சுதனுக்குப் பக்கத்தில் நின்றாள். ரயில் நிலையங்களில் அவள் நிற்கிற இடம் அதுதான்.

5

வந்து ஒரு கிழமை கழித்து, அம்மாவின் பெயரிலும் தம்பியின் பெயரிலும் ஒரு பொங்கல் வைப்பதற்குக் கோயிலுக்கு வெளிக்கிட்டோம். அப்பா தனக்குத் தெரிந்த சிவம் அண்ணரின் ஓட்டோவைக் கூப்பிட்டிருந்தார். ஓட்டோ வந்து நின்றதும் நான் அப்பாவிடம் போனேன்.

"அப்பா, இன்னொரு ஓட்டோவும் சொல்லுவமோ?"

"ஏன் பிள்ளை? பெரியாக்கள் மூண்டு பேர், சின்னாக்கள் ரெண்டு பேர். மடியிலை வைச்சால் காணும்."

"இல்லையப்பா, ரெண்டாப் போனால் வசதி."

"பத்து நிமிச ஓட்டத்துக்கு என்ன வசதி?"

நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஆரணி முந்திக்கொண்டாள். தமிழ்ப் பாடசாலையில் படித்ததும் எங்களிடம் கேட்டதும் கலந்த அவளுடைய தமிழில், பாடம் ஒப்புவிப்பது போல அழகாகச் சொன்னாள்.

"அம்மப்பா, நாங்கள் ஒண்டாப் போறேல்லை. தம்பி அம்மாவோடை, நான் அப்பாவோடை. குண்டு வெடிச்சால் பாதிப் பேர் மிஞ்சுவினம்."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஆறுதல் சொல்வது போல மற்றதையும் சொன்னாள்.

"அம்மாக்குத் தம்பிதான் வேணும். பரவாயில்லை. நான் பெரிய பிள்ளைதானே."

சிவம் அண்ணர் ஓட்டோவின் எஞ்சினை நிறுத்தினார். சுதன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் மீன் பார்க்கப் போனார். அப்பா படலைக்கு முன்னால் இருந்த மதகில் இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"உனக்கு உந்தக் கணக்கை ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே அப்பா செய்தனீங்கள். ரெண்டு பங்கர். நானும் நீங்களும் ஒண்டிலை, அம்மாவும் தம்பியும் மற்றதிலை. ஆராவது மிஞ்சவேணும் எண்டு."

"அப்பிடி ஆர் சொன்னது?"

"காம்பிலை எல்லாரும் சொன்னவை. நீங்கள் கெட்டிக்காரன் எண்டு சொன்னவை."

அப்பா கொஞ்ச நேரம் மதகில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் உரித்தார்.

"அப்பிடிச் செய்த சனமும் இருக்கு. நான் அவையைக் குறை சொல்லேல்லை. ஆனால் நான் அப்பிடிச் செய்யேல்லை பிள்ளை. அது கடற்கரை மணல். அகட்டி வெட்டினால் சரியும். முதல்நாள் நாலு பேருக்கெண்டுதான் வெட்டினனான். நீயும் மண் அள்ளினாய், உனக்கு ஞாபகமில்லை. பின்னேரமே சரிஞ்சு மூடிப் போட்டுது. மேலை போடத் தென்னங்குத்தியும் கிடைக்கேல்லை. பேந்து ரெண்டு சின்னனா வெட்டினன். ஒண்டுக்குள்ளை ரெண்டு பேர்தான் இருக்கலாம். தம்பி அம்மாவை விட்டிட்டு இருக்கமாட்டான். நீ பெரிய பிள்ளை, என்னோடை வந்தாய். அவ்வளவுதான். இடம் காணேல்லை."

"அப்ப, இடம் இருந்திருந்தால்?"

"இடம் இருந்திருந்தால் நாலு பேரும் ஒண்டா இருந்திருப்பம்."

அப்படி இருந்திருந்தால் நான் இன்றைக்கு இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அப்பா, நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"கொம்மா அண்டைக்கு ராவும் கேட்டவா. 'இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம் அகட்டேலாதோ, பிள்ளையும் இஞ்சாலை வரட்டும்' எண்டு. விடியட்டும், பலகை ஏதும் தேடிப் பாப்பம் எண்டு சொன்னனான்."

"ஏனப்பா இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே பிள்ளை," என்றார். பிறகு, "எனக்கும் வாய் வரேல்லை," என்றார்.

நான் அந்த மதகில் இருந்து வாய்விட்டு அழுதேன். ஓட்டோக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்கவில்லை. எனக்கு அம்மாவில் ஒரு கோபம் இருந்தது. அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அம்மா தம்பியைத்தானே தன்னோடு வைத்திருந்தா, என்னை வேண்டாமென்று விட்டாவே என்கிற கோபம். செத்துப்போன தாயோடு கோபிக்கக் கூடாது என்று அதை ஒரு கணக்காக மாற்றி மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் நான் மிஞ்ச வேண்டிய பாதி, மிஞ்சிவிட்டேன், அதனால் அது சரியான கணக்கு. அதைக் கடல் கடந்து கொண்டுபோய், என் பிள்ளைகளை ரயிலின் இரண்டு பெட்டிகளில் ஏற்றிவைத்தேன். என் மகளையும் நான் விடப்பட்ட இடத்திலேயே விட்டேன். அவளும் என்னைப் போலவே, பரவாயில்லை, நான் பெரிய பிள்ளை என்று தனக்குத்தானே சொல்லிப் பழகிவிட்டாள்.

கணக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. மணல் சரிந்தது, இடம் போதவில்லை. அம்மா என்னைக் கேட்டிருக்கிறா.

சிவம் அண்ணர் ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"ஐயா, மற்ற ஓட்டோ சொல்லவோ? என்ர மச்சான் சந்தியிலைதான் நிக்கிறான்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "இதுக்குள்ளையே இருப்பம்."

சுதனையும் பிள்ளைகளையும் கூப்பிட்டோம். அப்பா ஒரு கரையில், சுதன் மறு கரையில், நான் இடையில், இனியன் சுதனின் மடியில். பொங்கல் பானை அப்பாவின் மடியில். ஆரணி வெளியே நின்றாள். எங்கே ஏறுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். அவள் வந்து என் மடியில் இருந்தாள். நீளமான கால்கள், பானையில் செருகிய அகப்பைப் பிடி முகத்தில் இடிக்கிறது, புழுதி, வெயில், ஒருவருக்கும் அசைய இடமில்லை. பாதி வழியில் எதிரே பாரவூர்தி ஒன்று பெரிதாக ஹோர்ன் அடித்தது. எனக்கு நெஞ்சு அடித்தது. ஆரணி தன் முதுகில் அதை உணர்ந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

6

திரும்பிப் போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது டிக்கெட் அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, திரும்பி வாறதுக்கு நாலு பேருக்கும் ஒரே பிளேனிலை, ஒரே வரிசையிலை இடம் இருக்கோ?"

மறுபக்கத்தில் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"ஒத்து வந்திட்டியளோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை," என்றேன். அவருக்கு வேறு எப்படிச் சொல்வது?

"எனக்குத் தெரியும். ஊர்க் காத்துப் பட்டால் எல்லாம் சரியாகும். நான் எப்பிடியும் மாத்தித் தாறன்," என்றார். உண்மையிலேயே பாடுபட்டு மாற்றியும் தந்தார்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. கட்டுநாயக்காவில் நான் கதவுகளை எண்ணினேன், ஆறு. பிள்ளைகளைப் படம் எடுத்தேன். அவர்களின் கையில் தொலைபேசி இலக்கம் எழுதினேன். தொலைந்துபோனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஒரு கடையைக் காட்டிக் கொடுத்தேன். இதெல்லாம் எந்தத் தாயும் செய்யலாம், செய்வதில் பிழையில்லை என்று இப்போது நினைக்கிறேன். தூண் தேடி ஓடவில்லை. பைகளை இரண்டு தரம் எண்ணினேன். அப்பா சந்தியில் வைத்துச் சொன்ன ஒன்று காதில் இருந்தது. "அடிக்கடி வாங்கோ. வரேக்கை எல்லாரும் ஒண்டா வாங்கோ. நானும் ரெண்டு நாள் பாத்துக்கொண்டு நிக்கேலாது," என்றிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, அந்த ஒரு நாள் அவரும் என்னோடு படலையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விமானத்தில் எங்களுக்குக் கிடைத்தது நடுப்பகுதியில் நாலு இருக்கைகள். சுதன் ஒரு கரையில் போய் இருந்தார். நான் மறு கரையில் இருந்தேன். இனியன் வழக்கம்போல என் பக்கத்தில் தாவி ஏறினான். ஆரணி நடைபாதையில் தன் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். சுதனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இருக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது.

"அம்மா, நான் எந்தப் பக்கம்?"

இனியனைத் தூக்கித் தகப்பன் பக்கம் அரக்கிவிட்டேன். அவன் சிணுங்கினான். எனக்குப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது.

"நீ நடுவிலை," என்றேன். "வா, இடம் காணும்."